வலது கன்னத்தில் நாலு புள்ளி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இன்று மதியம் தூங்கியே தீருவேன். யார் தடுத்தாலும் தூங்குவேன். யார் தடுப்பார் என்று கேட்காதீர்கள். வீட்டில் நாங்கள் ரெண்டே பேர்.

என் மதியத் தூக்கம் சாதாரணத் தூக்கம் இல்லை. சாப்பிட்டு முடித்து, ஜன்னலோரம் இருக்கும் கட்டிலில் சாய்வேன். திரைச்சீலை மெல்ல உப்பும், அப்புறம் அடங்கும். அது மூன்றாவது தடவை உப்பும்போது நான் ஒரு படகில் இருப்பேன். துடுப்பு கிடையாது. கரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முக்கியமான விஷயம், அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் என் வேலையைச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன் நான். வருகிறவர் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பேன். ஒரு நாளைக்கு இருபது பேர். ஆறு நாள் நான் ஊரைக் கேட்கிறேன். ஏழாவது நாள் என் மனைவி என்னைக் கேட்கிறாள்.

மூன்று மாதமாகவே இந்தக் கூத்துதான். பக்கத்து வீட்டு அம்மாவோடு சேர்ந்து, வீட்டிலேயே இனிப்பும் அழகுச் சாமானும் செய்து விற்கப்போகிறாளாம். விற்பதற்கு முன்னால் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டுமாம். அந்த யாராவது நான்தான். ஒரே வாழைப்பழத்தில் பாதி புட்டிங்காகி என் வாய்க்குள் போகும். மீதிப் பாதி ஓட்ஸும் தேனும் சேர்ந்து என் முகத்துக்கு வரும்.

"இந்தப் புட்டிங் நல்லா இருக்கா, அந்தப் புட்டிங்கா?"

"ரெண்டுமே நல்லா இருக்கும்மா."

"ரெண்டும்னு ஒரு பதிலே கிடையாது. உங்க கடையில யாராவது அப்படிச் சொன்னா விடுவீங்களா?"

விடமாட்டேன்தான்.

ஒருமுறை உதட்டோரம் வழிந்ததை நக்கிவிட்டு, "அடடா, இதுதான் இன்னைக்கு முதல் பரிசு!" என்றேன். அது முகத்துக்குப் பூசியது. புட்டிங் இன்னும் மேஜையில் இருந்தது. அடுத்த ரெண்டு நாள் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் ஆண்பிள்ளையாக நின்றேன். போன வாரம் பீட்ரூட்டில் ஏதோ உதட்டுச் சாயம் காய்ச்சியிருந்தாள்.

"ஒரு தடவை போட்டா மூணு நாள் அழியாதுங்க. கொஞ்சூண்டு போட்டுப் பாக்கட்டுமா?"

"வயித்தைக் கேளு, தரேன். முகத்தைக் கேளு, தரேன். உதட்டை மட்டும் கேக்காதே. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும். அதுவும் மூணு நாளாம்! முதல் தண்ணியிலேயே கழுவிக்கிட்டுப் போயிடும் பாரு."

"சரி, விடுங்க" என்றாள்.

அவள் 'சரி, விடுங்க' என்றால் விடவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் இது என் மண்டையில் ஏறவில்லை.

பல் துலக்கி முடித்ததும் பால்கனிக்குப் போனேன். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கஷ்டத்தைச் சொன்னேன்.

"ஒவ்வாமைன்னு சொல்லிடுங்க சார்" என்றார் குரலைத் தாழ்த்தி. "நாலு சிவப்புப் புள்ளி போதும். பயந்துடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் உங்க முகத்துப் பக்கம் வரமாட்டாங்க."

அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மதியம் சாப்பாடு ஆனது. ரெண்டு கிண்ணம் புட்டிங்கும் ஆனது. பிறகு என் முகத்தில் கொக்கோ கலந்த ஏதோ ஒன்றைப் பூசினாள். ஒரு கன்னத்தில் மட்டும். இன்னொன்றைச் சும்மா விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். இருபது நிமிஷம் கழித்துக் கழுவச் சொன்னாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கழுவினேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் சவரக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பீட்ரூட் டப்பா உட்கார்ந்திருந்தது. தெய்வமே கொண்டுவந்து வைத்ததாக நினைத்தேன்.

இங்கேதான் என் தொழில் என் காலை வாரியது. கண் பரிசோதனைக்கு ஆறு மீட்டர் தூரம் வேண்டும். எங்கள் கடையில் பரிசோதனை அறை அதில் பாதிதான். அதனால் எழுத்துப் பலகையை உட்காருகிறவரின் தலைக்குப் பின்னால் திருப்பி எழுதி மாட்டியிருப்போம். எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது இடம் வலமாக மாறித்தான் தெரியும் என்பது இருபது வருஷமாக என் ரத்தத்தில் ஊறியது.

என் கை முதலில் சரியான கன்னத்துக்குத்தான் போனது. அறிவு தடுத்தது. 'நில்! கண்ணாடியில் இடது என்றால் நிஜத்தில் வலது' என்றது. கையை மாற்றினேன். அழகாக நாலு புள்ளி வைத்துவிட்டுக் கத்தினேன்.

"ஐயோ! எரியுதே! அரிக்குதே!"

"எது? எரியுதா, அரிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இதிலும் ரெண்டில் ஒன்றுதான் வேண்டும்.

என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"என்னங்க, அதிசயமா இருக்கே. நான் பூசினது இடது கன்னம். அது பளபளன்னு இருக்கு. பூசாத வலது கன்னத்துல பொரிப்பொரியா வந்திருக்கு."

"அது... உள்ளுக்குள்ளேயே பரவியிருக்கும்."

"மூக்கைத் தாண்டியா?"

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"பக்கத்து வீட்டு அண்ணன் பத்து மணிக்கே அவங்க வீட்டம்மாகிட்ட பெருமையா சொல்லிட்டாரு. அந்தம்மா பத்தே காலுக்கு எனக்குச் சொன்னாங்க. பின்னே அந்த டப்பா தானா நடந்து குளியலறைக்குப் போச்சாக்கும்? பாவம், தூங்கணும்னு ஆசைப்படறாரே, நம்பின மாதிரி நடிப்போம்னுதான் இருந்தேன். அதுக்குக்கூட நீங்க வழி விடலையே!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. எண்ணெய் தடவித் துடைத்தேன். எண்ணெய்தான் போனது. நாலு புள்ளியும் நாலு செம்பருத்திப்பூ மாதிரி மலர்ந்து நின்றன. அவள் சமையலறையிலிருந்து நோட்டை எடுத்துவந்து, 'சோப்பு, மூன்று முறை. அசையவில்லை' என்று எழுதினாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அந்த நேரத்திலும் அவள் அழகாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி, போய்த் தூங்குங்க" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ரெண்டு மணி நேரம் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, அது போதும். வெள்ளை உறை மாட்டியிருக்கேன். தலையணையில ஒட்டுதான்னு பாக்கணும்."

படுத்தேன். எதற்காகப் படுக்கவைத்தால் என்ன, தூக்கம் தூக்கம்தானே! திரைச்சீலை உப்பியது, அடங்கியது. மூன்றாவது தடவையில் படகு வந்தது. அதே வெதுவெதுப்பான தண்ணீர். லேசாகக் கொக்கோ வாசம். எதிர் முனையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் இவள். கையில் ஒரு கிண்ணம். எதுவும் கேட்கவில்லை. ஒரு கரண்டி எடுத்து எனக்கு ஊட்டினாள். நல்லா இருக்கு என்று நானாகவே சொன்னேன். கரையும் தெரியவில்லை, காலமும் தெரியவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தோம்.

கண் விழித்தபோது தலையணை உறை பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அவள் நோட்டில் ஒரு பெரிய டிக் போட்டாள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நாற்காலியில் உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிரே நிலைக்கண்ணாடி.

"அதுல பாருங்க ஐயா. மேல் வரியில என்ன தெரியுது?"

கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"எழுத்து ஒண்ணும் தெரியலை தம்பி. உங்க வலது கன்னத்துல நாலு சிவப்புப் புள்ளி இருக்கு. அது மட்டும் ரொம்பத் தெளிவா தெரியுது."

பேனா எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். மடித்த காகிதம் ஒன்று வந்தது. அவள் கையெழுத்து: 'ரெண்டாம் நாள். எவ்வளவு தூரத்தில் தெரிகிறது? மறக்காமல் எழுதவும்.'

ஆறு மீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.