யானை, அட்டை, மட்டக்குதிரை

"சிஸ்டர், யானையெல்லாம் முடியாதுங்க."

"ஏன் முடியாது? மந்திரவாதி உருமாறலாம்னு புத்தகத்துல இருக்குன்னு நீங்கதானே வாசிச்சுக் காட்டுனீங்க? மாறிட்டேன். இந்தா, கதவுல சாயுறேன்."

ஜெபதுரை தன் முன்னால் விரிந்து கிடந்த வரைபடத்தைப் பார்த்தார். ஏழு வாசல் கோட்டை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தது. முதல் வாசலைத் தாண்டவே நாலு சனிக்கிழமை ஆகும் என்று நம்பியிருந்தார். யானை சாய்ந்தால் கதவு என்ன ஆகும் என்பதற்கு இருபது முகத் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"கதவு விழுந்துருச்சு" என்றார், செத்த குரலில்.

பூண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரே ஆரவாரம்.

ஜெபதுரை செண்பகனூர்ப் பக்கம் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் தமிழ் டைப்பிஸ்ட். திங்கள் முதல் வெள்ளி வரை மற்றவர்கள் சொல்வார்கள், அவர் அடிப்பார். அவர் சொல்லி யாரும் எதுவும் கேட்டதில்லை. 1984 ஏப்ரலில் ஊருக்குத் திரும்பிய அமெரிக்க வாத்தியார் ஒருவர், போகிற போக்கில் ஒரு புத்தகத்தையும் விதவிதமான முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளையும் அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். விளையாட்டு இதுதான்: ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வேஷம் எடுத்து, அந்தக் கதைக்குள் நுழைந்து, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும்.

கதை சொல்கிறவருக்குப் புத்தகத்தில் 'மாஸ்டர்' என்று பெயர். "நம்ம ஊர்ல மாஸ்டர்னா டீ மாஸ்டர்தான். அப்ப டீயும் நீங்களே போட்ருங்க" என்றார் மளிகைக்கடை ஒலியுல்லா பாய். அவர் கடையின் பின்னால் இருந்த கிடங்கில்தான் சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். அதனால் ஜெபதுரையால் மறுக்க முடியவில்லை.

பாய், கதையில் போர்வீரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் லீமா, எந்தப் பூட்டையும் திறக்கிற திருடி. ஏரியில் படகு தள்ளும் உபகாரம் கதையிலும் எல்லோருக்கும் பின்னால், விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். 'விளக்கைப் பிடிங்கண்ணே' என்றால் பிடிப்பார், 'இறக்குங்க' என்றால் இறக்குவார். பள்ளி மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கும் தெரசம்மாள் சிஸ்டர்தான் மந்திரவாதி. வயது ஐம்பத்திரண்டு. காய்ச்சல் என்று பொய் சொல்லி வரும் பிள்ளைகளை முப்பது வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர்.

'மந்திரவாதி உருமாறலாம்.' புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. எதுவாக மாறலாம், எப்போது, எத்தனை தடவை? ஒரு வரி இல்லை. எழுதினவர்கள் தெரசம்மாள் சிஸ்டரைப் பார்த்ததில்லை.

இந்த வேகத்தில் போனால் கோட்டை ஆடி மாதத்துக்குள் காலி. அப்புறம் சனிக்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும். ஜெபதுரைக்கு அதை நினைத்தாலே பகீரென்றது. திங்கட்கிழமை ஆபீஸ் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார்.

'விதி 1. மந்திரவாதி தன் கண்ணால் நேரில் பார்த்த உயிராக மட்டுமே மாறலாம்.'

நாலு கார்பன் நகல். அடுத்த சனிக்கிழமை ஆளுக்கொன்று கொடுத்தார்.

"ரொம்ப நியாயம்" என்றார் தெரசம்மாள். கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். "மெட்ராஸ்ல நர்சிங் படிக்கும்போது மாசம் ஒருக்கா மிருகக்காட்சிசாலைக்குப் போவோம். சிங்கம், கரடி, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி... வரிசையா எழுதியிருக்கேன். மொத்தம் எண்பத்தாறு."

இரண்டாம் வாசலின் மதில், இருபது அடி. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏறி மூன்று பேரும் சறுக்கு மரத்தில் போவதுபோல் அந்தப் பக்கம் இறங்கினார்கள். உபகாரம் விளக்கு அணையாமல் இறங்கியதற்காகப் பாய் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

'விதி 2. மந்திரவாதியின் சொந்த எடைக்கு மேற்பட்ட உயிராக மாறக்கூடாது.'

கிடங்கில் உருளைக்கிழங்கு நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. தெரசம்மாள் ஏறி நின்றார். நாற்பத்தொரு கிலோ. ஜெபதுரைக்கு நிம்மதி. நாற்பத்தொரு கிலோவில் ஆடு வரும். ஆடு வந்து கோட்டையை என்ன செய்துவிடும்?

"அட்டையா மாறுறேன்."

"என்னங்க?"

"அட்டை. மழைக்காலத்துல காட்டுப்பக்கம் போனா கால்ல ஏறுமே, அதேதான். மூணாம் வாசல் சாவித் துவாரம் வழியா உள்ள போறேன். போயி, மனுஷியா மாறி, தாழ்ப்பாளைத் தொறக்குறேன்."

"அய்யோ சிஸ்டர், பூட்டுத் தொறக்குற சோலி என்னோடது!" என்று லீமா கத்தினாள். ஆனால் அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள்.

நாலாம் வாசலில் சாவித் துவாரம் வைக்கவில்லை என்று ஜெபதுரை அவசரமாகச் சொன்னார். "கதவுக்குக் கீழ சந்து இருக்குமே" என்றார் தெரசம்மாள். இருந்தது.

பெரிய மிருகங்களே தேவலை என்று திங்கட்கிழமை தோன்றியது. 'விதி 2 இதன்மூலம் ரத்து' என்று அடித்தார். கீழே, 'விதி 3. உருமாறிய பின் மனிதப் பேச்சு கூடாது. அந்த உயிரின் சத்தம் மட்டுமே எழுப்பலாம்.'

இது அருமையான விதி. வாயைக் கட்டிவிட்டால் சிஸ்டரால் என்ன செய்ய முடியும்?

ஐந்தாம் வாசலில் நாலு காவற்காரர்கள். ஜெபதுரை அவர்களுடைய மீசையை வர்ணித்துக்கொண்டிருக்கும்போது தெரசம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஸ்ஸ்ஸ்..." என்றார்.

எல்லோரும் வாயை மூடினார்கள். மிட்டாய் வாங்க வந்த ஒரு அம்மாகூடக் கடை வாசலிலேயே அசையாமல் நின்றார்.

"என்ன சிஸ்டர், யாராச்சும் வர்றாங்களா?" என்று பாய் கிசுகிசுத்தார்.

"ஸ்ஸ்ஸ்!"

பாய் கப்சிப். ஜெபதுரையும் மூச்சை அடக்கிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். மூன்று நிமிஷம் போனது. தெரசம்மாள் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நாகப்பாம்பா இருந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லாததால நாலு காவக்காரனையும் கடிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன்."

மிட்டாய் அம்மா கை தட்டினார்.

ஜெபதுரை அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஹெட்மாஸ்டர் சொன்ன விடுமுறைச் சுற்றறிக்கையில் 'மாணவர்கள் உருமாறி வீடு செல்லலாம்' என்று அடித்து, நல்லவேளையாகத் தானே கண்டுபிடித்துக் கிழித்தார். வெள்ளிக்கிழமைதான் விதி 4 பிறந்தது: 'இன்றுமுதல், மாறுவதற்கு முன் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மாற்றம் மட்டும்.'

"சம்மதம்" என்றார் தெரசம்மாள். "இன்னைக்கு நான் மாறவே போறதில்ல."

ஜெபதுரைக்கு நம்ப முடியாத சந்தோஷம்.

"ஏற்கெனவே மாறியாச்சு, இப்பத்தான் மனுஷியா திரும்புனேன். போன வாரம் ஆட்டம் முடியிறப்ப பாய் கோட்டைச் சந்தையில ஒரு மட்டக்குதிரை வாங்கினாருல்ல? அது நான்தான்."

ஒலியுல்லா பாய் உட்கார்ந்திருந்த மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தார். "யா அல்லா! நான் ஏறி உட்கார்ந்தேனே! சாட்டையால வேற அடிச்சேனே சிஸ்டர்!"

"ரெண்டு தடவை."

"மன்னிச்சுருங்க சிஸ்டர். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நடந்தே வந்திருப்பேன்."

"சொல்லவே இல்லையே! விதி நாலு!" என்று ஜெபதுரை தாளை ஆட்டினார்.

"இன்றுமுதல்னு போட்டிருக்கீங்க. நான் குதிரையானது போன வாரம்."

குதிரை இரவோடு இரவாக லாயத்தில் கேட்ட ரகசியங்களால் ஆறாம் வாசல் திறந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று.

ஜெபதுரை அடுத்த ஆறு நாளும் யோசித்தார். ஒவ்வொரு ஓட்டையாக நினைத்து நினைத்து அடைத்தார். சனிக்கிழமை வெள்ளனே ஆபீசுக்குப் போய்க் கடைசி விதியை அடித்தார்.

'விதி 5. கதைக்குள் ஏற்கெனவே உள்ள எதுவாகவும் மாறக்கூடாது. கதைக்கு வெளியே உள்ள உயிராக மட்டுமே மாறலாம்.'

வீரன், ராஜா, குதிரை, பூனை, கொசு, எல்லாம் அடைபட்டது. அவர் முதல்முறையாகச் சர்க்கரை தூக்கலாக டீ போட்டார்.

தெரசம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஐந்து விதிகளையும் இரண்டு தடவை படித்தார்.

"கண்ணால பார்த்த உயிரா இருக்கணும். அந்த உயிரோட சத்தம்தான் வரணும். முன்கூட்டிச் சொல்லணும். கதைக்கு வெளிய இருக்கணும். அப்படித்தானே?"

"அப்படியேதான்."

"அப்ப சொல்லிடுறேன். நான் மாஸ்டரா மாறுறேன்."

"ஆ!" என்றாள் லீமா.

"எந்திரிங்க ஜெபதுரை. அது என் நாற்காலி."

ஜெபதுரை தாளைத் திருப்பினார், புரட்டினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் தப்பிக்க ஓட்டை எங்குமே இல்லை. அவரே அடித்த விதி. எழுந்து போய்ப் பாய்க்குப் பக்கத்தில் பூண்டு மூட்டையில் உட்கார்ந்தார்.

தெரசம்மாள் வரைபடத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஏழாவது வாசல். கதவு தொறந்து கெடக்கு. உள்ள கும்மிருட்டு. இருட்டுக்குள்ளருந்து உங்க குரல்லயே ஒருத்தர், 'ஜெபதுரை, வாங்க'ங்கிறார். என்ன செய்றீங்க?"

ஜெபதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கட்டிய கோட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை!

"உபகாரண்ணே, விளக்கு! விளக்கைத் தூக்குங்க! பாய், நீங்க வலப்பக்கம்! நான்... நான் உள்ள போறேன்!"

"உருட்டுங்க."

தாயக்கட்டை உருண்டு, மூட்டையில் மோதி, நின்றது. மூன்று.

"கீழ தரையில்ல. விழுறீங்க."

"கையைப் புடிங்க அண்ணே!" லீமா நிஜமாகவே அவர் கையைப் பிடித்துவிட்டாள். பாய் அவள் முந்தானையைப் பிடிக்க ஓடி, கூச்சப்பட்டு, தராசைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் மாறி மாறி உருட்டினார்கள். பதினெட்டு விழுந்தபோது கிடங்கு அதிர்ந்தது. விளிம்பில் தொங்கிய ஜெபதுரை கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன தெரியுது சிஸ்டர்? சீக்கிரம் சொல்லுங்க!"

"படிக்கட்டு. கீழ இன்னொரு கோட்டை. எத்தனை வாசல்னு எண்ண முடியல."

ஜெபதுரை எழுந்து குதித்தார். நாற்பது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு முழு ஆள் குதித்தார். பாய் அவரைக் கட்டிப்பிடித்தார். அடுத்த சனிக்கிழமை உண்டு, அதற்கடுத்ததும் உண்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் உண்டு! "இனிமே மந்திரவாதிக்கு விதியே வேண்டாம் சிஸ்டர்! எதுவா வேணாலும் மாறுங்க!" என்று கத்தியபடி ஐந்து விதிகளையும் சுக்குநூறாகக் கிழித்து எறிந்தார்.

ஆட்டம் கலைந்து எல்லோரும் செருப்பைத் தேடும்போது உபகாரம் ஜெபதுரை பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமாங்க, மாஸ்டர்? மொத நாளு சீட்டுக் குலுக்கிப் போட்டப்ப சிஸ்டருக்கு விழுந்தது சமையக்காரி. மந்திரவாதி சீட்டு ஒண்ணரை மாசமா என் பையிலதான் கெடக்கு. நான் எப்பங்க மாறணும்?"