ஒயின் பெட்டிக்குள் முனியாண்டி சுருட்டு

சாம்பிராணி போட்டாலே வாசலுக்கு ஓடிப்போய் இருமுகிற ரகம் நான். பீடி, சிகரெட், சுருட்டு எதையும் உதட்டில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டு வயதில், ஆறு வாரம், இருபத்தைந்து சுருட்டுகளுக்குச் செவிலித்தாயாக இருந்தேன். வளர்த்த லட்சணத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சுருட்டுகள் என்னுடையவை அல்ல. முனியாண்டிக்கு என் அக்கா வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டவை. மச்சான் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய ஒரே மகள் கவிதாவுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாய் ஒரு வார்டிலும் பிள்ளை இன்னொரு வார்டிலுமாகப் பதினொரு நாள் கிடந்தார்கள். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள், ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி, எங்கள் தோட்டத்து முனியாண்டியிடம் மச்சான் வாய்விட்டு வேண்டிக்கொண்டார். ரெண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், உலகத்திலேயே உசத்தியான சுருட்டில் ஒரு பெட்டி வாங்கி வைக்கிறேன்.

வந்து சேர்ந்தார்கள். வேலை விஷயமாக வெளிநாடு போன மருமகன் கியூபா சுருட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தார். முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கோயில் எங்கள் கோலா சிலாங்கூர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். மச்சான் பெட்டியைக் கொண்டுவந்து என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

“அலமாரியில வெச்சிரு மாப்ள. சாமி பொருளு.”

அவர் கேட்டது அவ்வளவுதான். நான்கு கால், இரண்டு கதவு உள்ள ஓர் அலமாரி. அது எங்கள் வீட்டில் இருந்தது. காலியாகவும் இருந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளும் என் கைக்கு வந்தால் அது பொருளாக இருக்க முடியாது. ஒரு தத்துவமாக மாறியாக வேண்டும். அதற்கு முந்திய வருடம் குளியலறையில் காளான் வளர்த்தேன். அதற்கும் முன்னால் தண்ணீர்த் தொட்டியில் திலாப்பியா மீன். நடுவில் மூன்று மாதம் ஆர்மோனியம். என் மனைவி புஷ்பா இவற்றை ‘சீசன்’ என்பாள். (“இந்த சீசன் முடியட்டும், அப்புறம் பாத்ரூமக் கழுவுறேன்.”)

அன்று மாலையே கைப்பேசியில் சுருட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சுருட்டு சுவாசிக்கிறது என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு போதாதா எனக்கு? அதற்குத் தாகம் எடுக்கும், வியர்க்கும், முதுமை வரும், காற்றின் ஈரம் எழுபது விழுக்காட்டில் நிற்க வேண்டும், குறைந்தால் உதிரும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். பழைய ஒயின் குளிர்பெட்டியைச் சுருட்டுக்கு வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒருவர் படம் படமாக விளக்கியிருந்தார். என்னிடம் ஒரு ஒயின் குளிர்பெட்டி இருந்தது. ஆற்றோரம் உணவகம் நடத்திய நண்பன் கடையை மூடும்போது என் தலையில் கட்டியது. கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. ஒரு வருடமாகக் கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய்க்குக் கீழே, எனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது.

“ஏங்க, அவரு அலமாரியிலதான வெக்கச் சொன்னாரு?” என்றாள் புஷ்பா.

“அலமாரி சுவாசிக்காது.”

“ஐஸ்பெட்டி சுவாசிக்குமா?”

வேலையில் இறங்கினேன். சமையல் சோடா போட்டு உட்புறத்தைக் கழுவினேன். பின்னால் தண்ணீர் வடியும் துளையை ஒட்டுநாடாவால் அடைத்தேன். கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு, செரண்டாவில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பனிடம் தேவதாருப் பலகைத் துண்டுகள் வாங்கி அடுக்கினேன். பெட்டிக்குள் தலையை விட்டால் அப்போதுதான் சீவிய பென்சில் வாசம் அடித்தது. ஈரமானி ஒன்றை உள்ளே ஒட்டினேன். நடுவில் சுருட்டுப் பெட்டி. நீல விளக்கு விழுந்ததும் அது குட்டிச் சன்னிதானம் மாதிரி ஆகிவிட்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (சாமிக்கா, என் கைவேலைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

முள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. மின்சாரம் கொடுத்தால் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. நிறுத்தினால் எண்பத்து நான்குக்கு ஏறியது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், எடுத்தேன். ஈரத் துணி வைத்தேன், காய்ந்த துணி வைத்தேன். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் காற்றே பாதி தண்ணீர். தஞ்சோங் காராங் வயல்களைத் தாண்டி வரும்போது மீதியும் நனைந்துவிடும். இந்த ஊரில் ஈரத்தை அளந்து வைக்கப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மச்சான் வாரம் ஒரு முறை கூப்பிடுவார்.

“எப்படி இருக்கு மாப்ள?”

“இன்னிக்கு அறுபத்தொண்ணு மச்சான்.”

“எவ்ளோ இருக்கணும்?”

“எழுபது.”

 பிறகு ஒரு நாள் சொன்னார்: “கவிதா புள்ள மூச்சுக்கும் இப்படித்தான் ஒரு நம்பர் காட்டுனாங்க. தொண்ணூத்தஞ்சு இருக்கணும்னாங்க. நான் பதினோரு நாளும் அந்த நம்பரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ நல்லாப் பாத்துக்க மாப்ள.”

அதற்கப்புறம் எனக்கு அது விளையாட்டாக இல்லை. முள்ளை எழுபதில் நிறுத்தாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது.

திருவிழாவுக்கு இருபத்தொரு நாள் இருக்கையில் காப்புக் கட்டினோம். எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டினால் வீட்டுக்குள் மச்சம், அதாவது மீன், இறைச்சி, கருவாடு எதுவும், இருக்கக் கூடாது. புஷ்பா அடுப்படியைக் கழுவி, சட்டிகளை மாற்றி, சமையலறைக் குளிர்பெட்டியைக் காலிசெய்து, ஒரு பெரிய பையை என் கையில் கொடுத்தாள். நெத்திலி, வஞ்சிரக் கருவாடு, கூனி இறாலை இடித்துச் செய்த பெலாச்சான் கட்டி இரண்டு.

“பக்கத்து வீட்டு மக் சூ கிட்டக் குடுத்து வைங்க. விரதம் முடிஞ்சி வாங்கிக்கலாம்.”

பையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். மக் சூ வீட்டுக் கதவுக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடிக்குள் எனக்கு ஞானம் பிறந்தது. ஈர உப்பு காற்றின் ஈரத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் என்று படித்திருந்தேன். கருவாடு என்றால் என்ன? உப்பு. கொஞ்சம் ஈரம். நடுவில் ஒரு மீன்.

திரும்பினேன். ஒயின் பெட்டியின் அடித்தட்டில் பையை வைத்தேன். உப்பு வேலை செய்ய வேண்டுமே என்று பையின் வாயைச் சற்றே திறந்துவிட்டேன். சுருட்டுக்கு வாசம் ஒட்டாதா என்ற கேள்வி வராமல் இல்லை. சுருட்டுதான் அதன் மரப்பெட்டிக்குள் இருக்கிறதே. ஈரம் மட்டும் உள்ளே போகும், வாசம் மரியாதையாக வெளியே நின்றுகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளியில் எனக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் காலை முள் எழுபதில் நின்றது. அதற்கடுத்த நாளும் எழுபது. ஒரு வாரம், இரண்டு வாரம், அசையவே இல்லை. கதவைத் திறந்தால் ஈரம் கலைந்துவிடும் என்பதால் நான் திறக்கவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

“எழுபது மச்சான்! அசைய மாட்டேங்குது!”

“அப்பாடா” என்றார் மச்சான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. காலையில் மஞ்சள் வேட்டியோடு போய்க் கதவைத் திறந்தேன். குப்பென்று கருவாடு. சரி, கீழே பை இருக்கிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுருட்டுப் பெட்டியை மட்டும் எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, மல்லிகைச் சரம் போட்டுக் காரில் ஏறினேன். ஏறியும் வாசம் போகவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதாவது தப்பாகப் புரிந்தது. இருபத்தொரு நாளாக வெறும் சாம்பாரும் ரசமும் தின்றவனுக்குக் காரிலும் கருவாட்டு வாசம் அடித்தால், அது மனசின் சபலம். வெட்கமாகப் போய்விட்டது. திருநீற்றை இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொண்டேன். பக்கத்தில் புஷ்பாவும் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்து வந்தாள். விரதக் களைப்பு என்று நினைத்தேன்.

கோயிலில் மச்சான் குடும்பம் தயாராக நின்றது. கவிதா இடுப்பில் ஒன்பது மாதப் பிள்ளை யாழினி. மச்சான் துணியைப் பிரித்து, பெட்டியைத் திறந்து, தலைவாழை இலையில் படையலுக்கு நடுவே வைத்தார். முன்வரிசையில் நின்ற அத்தனை பேர் மூக்கும் ஒரு முறை சுருங்கி விரிந்தது. கோயில் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். 

உருமி உச்சத்துக்குப் போனதும் பூசாரி சுப்பையா அண்ணனுக்கு அருள் வந்தது. (வாரநாளில் புஞ்சாக் ஆலாமில் காவலாளி வேலை, அன்றைக்கு அவர் முனியாண்டி.) கண்கள் உருண்டன. அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு சுருட்டை எடுத்தார். மச்சானே சூடத்தில் பற்றவைத்தார்.  சாமி ஓர் இழுப்பு இழுத்தது.

நின்றது.

சுருட்டை எடுத்துப் பார்த்தது. மறுபடி ஓர் இழுப்பு. உருமிக்காரர் அடியை நிறுத்திவிட்டார்.

“எவன்டா இதப் பாத்துக்கிட்டவன்?”

மச்சான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவிதான் நிதானமாக விரலை நீட்டினாள்.

சாமி என்னிடம் வந்தது. எரிகிற சுருட்டை என் வாயில் செருகியது. “இழு.”

இழுத்தேன். நாற்பத்தெட்டு வருடப் புகையும் ஒரே தடவையில் உள்ளே போனது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஏதேதோ கொட்டியது. இருமலுக்கு நடுவே நாக்கில் அந்தச் சுவை ஏறியது. கருகிய வஞ்சிரம். பின்னாலேயே பெலாச்சான்.

“சொல்லு.”

“சாமி, விரதம்னு... வீட்டுல கருவாடு... உப்பு இருந்தா எழுபதுல நிக்கும்னு... சுருட்டோட ஒண்ணா வெச்சிட்டேன் சாமி!”

 கோயில் தலைவர் அலறினார்: “அப்போ எனக்கு வந்தது நெசமான வாசமா? நான் காலையிலேருந்து கன்னம் வீங்குற அளவுக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன் லா!”

“நானும் என் புத்திதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்!” என்றார் நாக்கைக் கடித்துக்கொண்ட அம்மா.

“கார்ல வரும்போது நான் அழுதுட்டேங்க” என்றாள் புஷ்பா. கூட்டம் மொத்தமும் சிரித்தது. உருமிக்காரர் உருமி மேலேயே சாய்ந்துவிட்டார்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. படையலுக்கு முன்னால் மண்டியிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. “சாமி, எம்புள்ளைக்காக நேந்துக்கிட்டது. இப்படி ஆயிருச்சே. கொறையாப் போச்சா சாமி?”

சிரிப்பு அடங்கியது. என் இருமல் மட்டும் அடங்கவில்லை. அதை விழுங்கப் பார்த்து இன்னும் கேவலமாக இருமினேன். பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாமி என் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கியது. கவிதாவின் இடுப்பில் இருந்த பிள்ளையை உற்றுப் பார்த்தது. பிள்ளை பயப்படாமல் திருப்பி உற்றுப் பார்த்தது.

“புள்ள பால் குடிக்குதா?”

“குடிக்குது சாமி.”

“தூங்குதா?”

“நல்லாத் தூங்குது சாமி.”

“அப்புறம் என்னடா.”

சாமி அந்தச் சுருட்டைக் கடைசிவரை, விரல் சுடுகிற வரை இழுத்தது. புகையை மச்சான் தலையில் ஊதியது. பிறகு கையை நீட்டியது. “அடுத்தத கொண்டா. இதுக்குச் சோறு எங்க?”

மச்சான் தரையில் உட்கார்ந்தபடியே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். சாமி கேட்டதைச் செய்ய வேண்டும் என்று கோயில் கமிட்டி கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. அன்றிலிருந்து வருடா வருடம் முனியாண்டி படையலில் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு உண்டு. ஆக்கிக் கொண்டுவர வேண்டியது நான். ஐந்து வருடமாகிறது, உப்பு எப்போதும் கொஞ்சம் கூடிவிடுகிறது, சாமி இதுவரை எதுவும் சொன்னதில்லை.

போன மாதம் யாழினியின் பாலர் பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தினாள்.

“இதான் எங்க கருவாட்டுத் தாத்தா. இவரு சாமியோட சுருட்டக் கெடுத்தாரு. அதனாலதான் நான் பொறந்தேன்.”

கவிதா அடுப்படியிலிருந்து திருத்தப் பார்த்தாள். மச்சான் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“விடும்மா” என்றார். “சரியாத்தான சொல்லுது.”