புயலில் பேய் தேடியவர்

மின்னல் வெட்டியதும் மேஜைமேல் இருந்த கருவி மறுபடியும் வீலென்று அலறியது.

"பேய்தானே சார்?" வீட்டுக்காரம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"இல்லம்மா, மின்னல். மின்னல் வெட்டினா இது இப்படித்தான் கத்தும்." பேய் ஆராய்ச்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கருவியை அணைத்தார்.

மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறார், ஒரு பேய்கூடச் சிக்கவில்லை. இதுதான் கடைசி வீடு என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் வெறுங்கையோடு திரும்பினால் நாளை முதல் மச்சானுடைய மெத்தைக் கடையில் உட்கார வேண்டும். மத்தியானம் இவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்ததுமே வெளியே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தானா இந்தப் புயல் வந்து தொலைய வேண்டும்!

"தினமும் இந்த நேரத்துக்குத்தான் சார் ஏதோ நடமாடும். இன்னிக்கு மழை வேற," என்றார் வீட்டுக்காரம்மா.

மாடியில் யாரோ தடதடவென்று ஓடினார்கள்.

"சார்!"

"காத்தும்மா. ஜன்னல் அடிச்சுக்குது."

ஏறிப்போய் எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு வந்தார். உடனே கதவின் சாவித் துவாரத்தில் ஒரு பெண் குரல் விம்மியது. ஒருவேளை...? சே, காற்றுக்கு வேறு வழியில்லை, அதுதான். துவாரத்தில் பஞ்சை அடைத்தார். விம்மல் சமையலறைக் குழாய்க்குள் போய் இன்னும் பலமாக அழுதது.

"மழைத் தண்ணி இறங்குதும்மா," என்றார்.

தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் ரெண்டு மணி நேரப் பதிவை ஓட்டிக் கேட்டார். இடி, மழை, இடி.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பா சிரிப்பாங்கம்மா."

மொத்தத்தையும் அழித்தார். 'பேய் எதுவும் இல்லை, எல்லாம் புயல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது கண் கலங்கிவிட்டது.

"இனிமே தைரியமா இருங்கம்மா."

வீட்டுக்காரம்மா கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அந்த வீட்டு வாசல்லயே வண்டியோட நிக்கிறேன். என்ன முடிவு பண்ணீங்க?"

"கடைக்கே வந்துடறேன் மச்சான். போதும் இந்தப் பொழப்பு." தலைக்குமேல் இடி இறங்கியது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நீ வண்டியை விட்டு இறங்காதே, நனைஞ்சுடுவே. மழை விட்டதும் நானே வரேன்."

"மழையா? என்ன மாமா உளர்றீங்க, இங்க வெயில் மண்டையைப் பிளக்குது!"