கோடி இல்லாமல் கட்டிய பெட்டிக்கடை

சிங்கப்பூரில் பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று விமான நிலையத்து எக்ஸ்ரே இயந்திரம். இன்னொன்று பெட்டி பாய். இயந்திரத்துக்காவது எப்போதாவது சந்தேகம் வரும். பாய்க்கு வந்து நான் பார்த்ததில்லை.

லிட்டில் இந்தியாவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் நான் வேலை பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கடை. பயணப் பெட்டிகள் மட்டும்தான் விற்பார். அவருக்கு அத்தாவும் அம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் பெட்டி பாய்தான்.

யாராவது வந்து, "அண்ணே, ஒரு பேக் வேணும்" என்றால் பாய்க்குக் காது கேட்காது. இன்னும் உரக்கச் சொன்னாலும் கேட்காது. "பெட்டி" என்று சொல்லிவிட்டால் போதும், "வாங்க வாங்க, எந்த ஊருக்கு?" என்று முகமெல்லாம் பல்லாக எழுந்து வருவார். எந்த ஊர், அங்கே யார் இருக்கிறார்கள், என்ன கொண்டு போகிறீர்கள் என்று முழு விசாரணை முடியாமல் பெட்டியைத் தொட விடமாட்டார். திருச்சிக்கு ஒரு பெட்டி, மதுரைக்கு வேறு பெட்டி.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தானே பாய்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"தூரத்தை யாரு தம்பி பார்த்தா? மதுரைக்காரங்களுக்குச் சொந்தபந்தம் ஜாஸ்தி லா." பாய் பேச்சின் வாலில் அடிக்கடி அந்தச் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி உறுதியாக இருக்குமா என்று கேட்டால் வாயால் பதில் சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொள்வார். நின்றபடியே டீ குடிப்பார். ஒருமுறை, வீங்கி வெடிக்கிற மாதிரி இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை மறித்து, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையிலேயே அதைத் திறந்து, உள்ளாடை முதல் உல்லன் சட்டை வரை வெளியே எடுத்து, மறுபடி அடுக்கிக் கொடுத்தார். அவர்கள் போலீஸைக் கூப்பிடுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்கள். அடுக்கி முடித்ததும் பெட்டியில் கால்வாசி இடம் மிச்சம். அந்த அம்மாள் நேரே எதிர்க்கடைக்குப் போய்ச் சேலை வாங்கி அதில் நிரப்பினார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு வந்தது வினை. கட்டடத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, கீழ்த்தளத்தில் இருந்த எங்கள் எல்லாரையும் கிளப்பினார்கள். எங்கள் முதலாளிக்குப் பக்கத்துத் தெருவில் இடம் கிடைத்தது. பாய்க்குக் கிடைத்தது ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாம் மாடி மூலை. ஆமைக்கே பொறுமை போகும் ஒரு லிஃப்ட். வெளியே இறங்கினால் எதிரில் ஒரு தண்ணீர்க் குழாய் அறை. தெருவில் நடந்து போகிறவன் அண்ணாந்து பார்த்துப் பெட்டி வாங்குவானா?

கிளமெண்டியில் இருக்கும் அவர் மகள் ஹசீனா நேராக வந்துவிட்டார்.

"அத்தா, போதும்த்தா. அங்க யாரு ஏறி வருவாங்க? கடையை மூடிட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"டிசம்பர் ஸ்கூல் ஹாலிடே வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள ஆள் ஏறி வரலைன்னா, சாவியை உன் கையிலயே தர்றேன்" என்றார் பாய். எதற்கும் உரக்கப் பேசுகிறவர், அதை மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் பாய் எங்கள் கடைக்குள் நுழைந்தார். கையில் ஒரு பழைய லேப்டாப்.

"தம்பி, கோடி இல்லாமலே வெப்சைட் கட்டலாமாம். விளம்பரத்துல போட்டிருக்கான். நம்மகிட்ட கோடி எங்க இருக்கு? இதுதான் நமக்கு லாயக்கு."

வாங்கிப் பார்த்தேன். கோடிங் தேவையில்லை என்று இருந்தது.

"பாய், அது கோடி இல்ல, கோடிங்."

"ரெண்டும்தான் என்கிட்ட இல்லையே!"

தெரிந்த பையன் ஒருவன் இதையே தொழிலாகச் செய்கிறான், கொடுத்துவிடலாம் என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "என் பெட்டியை இன்னொருத்தன் அடுக்குறதா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஈமெயில் அனுப்பத் தெரிந்த குற்றத்துக்காக நான் ஆலோசகர் ஆனேன்.

தயாராக இருக்கும் பக்கத்தில் படங்களைப் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சொல்லிக் கொடுத்தேன். பாய் மவுஸை அழுத்திப் பிடித்தார். பிறகு மேசையிலிருந்து தூக்கினார். அந்தரத்தில் அரைவட்டம் அடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தார். படம் அசையவில்லை.

"கனமா இருக்கு தம்பி. வரமாட்டேங்குது."

தூக்காமல் இழுக்க வேண்டும் என்று புரிந்ததும், "அட, இது பெட்டி அடுக்குற வேலைதான் லா!" என்று துள்ளினார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பெட்டி அடுக்கும் விதி அத்தனையும் பக்கத்தில் வந்து இறங்கியது. கனமான சாமான் அடியில் போக வேண்டும். ஆகவே கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஆக அடியில். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை.

"என்ன பாய், மேல ஒண்ணுமே இல்ல?"

"திரும்பி வரும்போது ஊறுகாய் வைக்க இடம் வேணாமா?"

வெப்சைட் அதன் முகப்பில், 'ஹோம்' என்ற இடத்தில், படம் போடச் சொன்னது. புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டைக் கீழிருந்து படம் எடுத்துப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அவருடைய கைலிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாயின் மனைவி அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் கைலி போய்ப் பெட்டி வந்திருந்தது.

தட்டச்சு செய்ய விரல் வளையாததால் போனைப் பார்த்துப் பேசினார். போன் தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டது. 'எல்லா அளவிலும் பாட்டிகள் கிடைக்கும். நான்கு சக்கரப் பாட்டிகளுக்குப் பூட்டு வசதி உண்டு.' சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. உட்கார்ந்து எல்லாப் பாட்டிகளையும் பெட்டிகளாக மாற்றினேன். ஒரே ஒரு பாட்டி மட்டும் என் கண்ணுக்குத் தப்பிவிட்டார்.

எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது ஒரு வார்த்தைக்கு. தயார் பக்கத்தில் 'எங்களைப் பற்றி' என்று தலைப்பு இருந்தது. பாய் அதை அழித்துவிட்டு 'நம்மைப் பற்றி' என்று போட்டார்.

"பாய், எல்லா வெப்சைட்லயும் 'எங்களைப் பற்றி'தான் இருக்கும். அதுதான் சரி" என்றேன்.

"எங்களைன்னா என்ன அர்த்தம்? நான் உள்ள, நீ வெளியேன்னு அர்த்தம். மூணாவது மாடி ஏறி வர்றவனை வாசல்லயே நிறுத்தச் சொல்றியா?"

"அப்ப நம்மைப் பற்றின்னு போட்டா, வாங்க வர்றவங்களைப் பத்தியும் எழுதணுமே!"

கிண்டலாகத்தான் சொன்னேன். பாய் யோசித்தார். "ஆமா, எழுதணும்" என்றார்.

எழுதவும் செய்தார். பெயர் போடாமல், ஊரும் பெட்டியும் மட்டும் போட்டு. முதல்முறை ஊருக்குப் போன கட்டுமானத் தொழிலாளித் தம்பி ஒருவர் மகளுக்கு ஆள் உயரக் கரடி பொம்மை வாங்கி வந்த கதை. எந்தப் பெட்டியிலும் நுழையாத கரடியைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, தலையைக் குனிய வைத்து, பாய் மூடிக் கொடுத்திருக்கிறார். சிராங்கூன் அக்கா ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போகும்போது பெட்டி முழுக்கக் குழந்தை உடுப்பு வைத்து, தனக்கென்று ஒரு சேலைகூட வைக்காமல் போன கதை. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. படித்துவிட்டு, 'நம்மைப் பற்றி' என்ற தலைப்பை நானே பெரிய எழுத்தாக்கினேன்.

கடை மாறியது. பக்கம் உலகத்தின் பார்வைக்குப் போனது. உலகம் பார்க்கவில்லை. மதிய இடைவேளையில் நான் போகும்போதெல்லாம், பாய் பெட்டியின் மேல் ஏறி நின்றபடி லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். நவம்பர் வந்துவிட்டது. ஹசீனா போனில், "என்னத்தா, யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பார். "லிஃப்ட் ஸ்லோ லா, வந்துட்டு இருப்பாங்க" என்பார் பாய்.

ஒருநாள் லிஃப்ட் திறந்தது. சிராங்கூன் அக்கா. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைக் கேட்டு என்னைப் பத்திப் போட்டீங்க பாய்?"

பாய் பெட்டியிலிருந்து இறங்கினார். போச்சு, கடைக்குக் கடைசி ஆணி அடித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஒரு சேலைகூட எடுத்துட்டுப் போகலைன்னு எழுதியிருக்கீங்க. சம்பந்தி வீட்ல படிச்சிட்டாங்க! நான் ரெண்டு சேலை எடுத்துட்டுப் போனேன், தெரியுமா?"

பாய் உடனே போனை எடுத்தார். "ரெண்டு சேலை" என்று அதனிடம் சொன்னார்.

"ஒண்ணு பட்டு" என்றார் அக்கா.

"ஒண்ணு பட்டு" என்றார் பாய்.

அக்காவின் கோபம் இறங்கியது. பேரனுக்கு முடியிறக்கப் போவதாகச் சொல்லி ஒரு பெரிய பெட்டி வாங்கினார். அவர் பின்னாலேயே வந்திருந்த தங்கை, "என்னைப் பத்தி மட்டும் ஏன் போடல? நானும் உங்ககிட்டதானே வாங்கினேன்?" என்று கோபித்துக்கொண்டு இன்னொரு பெட்டி வாங்கினார். அன்றைக்கே அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷயம் பரவியது. குழுவிலிருந்து குழுவுக்குத் தாவியது. சிங்கப்பூர்த் தமிழருக்கு இரண்டு வகைக் கோபம் உண்டு என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். தன்னைப் பற்றித் தப்பாக எழுதிவிட்ட கோபம், தன்னைப் பற்றி எழுதவே இல்லை என்ற கோபம். இரண்டுமே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளித் தம்பிகள் கூட்டமாக வந்து, "அண்ணே, கரடி போற பெட்டி எது?" என்று கேட்டார்கள். ஒருவர் நாலு சக்கரப் பாட்டி வேண்டும் என்றார். எனக்குத் தப்பிய அந்தப் பாட்டிதான். பாய் முகம் மாறாமல், "எந்த ஊருக்கு?" என்று கேட்டார்.

டிசம்பர் விடுமுறை வந்ததும், பாய் சொன்னபடி சாவியை வாங்கிக்கொள்ள ஹசீனா வந்தார். லிஃப்ட் வாசலிலேயே வரிசை நின்றது. ஒரு அங்கிள் அவரை மறித்தார்.

"கியூல வாங்கம்மா."

"நான் அவரோட மக!"

"நாம எல்லாருமே அவருக்கு வேண்டியவங்கதான் லா. கியூல வாங்க."

வரிசையில் நின்று, ஒருவழியாகக் கல்லாவுக்கு வந்து சேர்ந்த ஹசீனா சாவியைக் கேட்கவில்லை. கைப்பையை மாட்டி வைத்துவிட்டு, வந்தவர்கள் கதைகளை டைப் அடிக்க உட்கார்ந்தார். கூட்டம் குறைந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அத்தா, 'நம்மைப் பற்றி'ல எல்லாரும் இருக்காங்க. நான் எங்கத்தா?"

"நீ எப்ப பெட்டி வாங்கினே?"

ஹசீனா எழுந்தார். ஒரு பச்சைப் பெட்டியை எடுத்தார். முழு விலையும் கொடுத்து வாங்கினார். பாய் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியின் மேல் ஏறி நின்று காட்டினார். கீழே இறங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அந்தக் கடையில் ஏது தூசி!

அந்த வளாகத்தில் அவர் இப்போதும் இருக்கிறார். லிஃப்ட் இப்போதும் ஆமைதான். யாராவது ஊருக்குப் போகிறேன் என்றால், "எங்கள் பழைய கடைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திச் சொல்வேன்: நம்ம பெட்டி பாய்.