பத்து டன் கல்லும் தனத்தின் கணக்கும்

திருவண்ணாமலை,
11-9-1983

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சுப்பிரமணி அவர்களுக்கு அருணகிரி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நானும் ஜோதியம்மாளும் மகள் தனமும் சுகம். ஆரணியில் தாங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் அதேபோல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், தங்கள் கோபக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாம் பாதிப் பாதி போட்டு வேங்கிக்காலில் நடத்தும் சுண்ணாம்புக் காளவாயில் பத்து டன் கல் சுட்டதற்கு, உங்கள் கிடங்கில் வந்து இறங்கியது நாலரை டன்தான் என்றும், பாதிக்கு மேல் காணோம் என்றும், காளவாய் பார்க்கும் காசி திருட்டுப் பயல் என்றும், அவனை உடனே நிறுத்திவிட்டு இங்கிருந்து ஆரணிக்குச் சுண்ணாம்பு லாரி ஓட்டும் உங்கள் தம்பியை அந்த இடத்தில் வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். நானோ ரயில்வே பார்சல் ஆபீஸில் தராசுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன். புக்கிங்கில் என்ன எடையோ டெலிவரியிலும் அதே எடை, குறைந்தால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான், இதற்கு மேல் ஒரு சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆகவே காசியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கல்லு வெந்தா எடை கம்மியாயிடும்ங்க" என்றான். எம்மாம் கம்மியாவும் என்றேன். "அத்த நான் இன்னாத்த கண்டேன், கம்மியாவும், அவ்ளோதான்" என்றான். அரிசி மூட்டையை எலி தின்றது என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கல்லை எது தின்னும்? நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டேன். வேறு வேலை தெரியாத மனுஷன், வீட்டில் மூன்று பிள்ளைகள். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொன்னால், ப்ளஸ் டூ படிக்கிற நம் தனம் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அவரு திருடியிருக்க மாட்டாருப்பா, அது எத்தனை மோல்னு மொதல்ல பாக்கணும்" என்றாள். அந்த மோல் என்ற சொல் நம் ஊர்க் காதில் ஒன்றுக்குப் போகிற சமாச்சாரமாக விழும் என்று தங்களுக்குத் தெரியும். ஜோதியம்மாள் குழம்புக் கரண்டியோடு ஓடிவந்து, "வயசுப் பொண்ணு சாப்பாட்டு நேரத்துல பேசற பேச்சா இது" என்று பிடித்துக்கொண்டாள். அது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை, ரொம்பப் பெரிய டஜன், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது.

பிறகு தனம் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுண்ணாம்புக் கல் ஒரு மோல் நூறு கிராமாம். சுட்டால் அது ஒரு மோல் சுண்ணாம்பாகவும் ஒரு மோல் கரியமில வாயுவாகவும் பிரியுமாம், சுண்ணாம்பு ஐம்பத்தாறு கிராம், வாயு நாற்பத்து நாலு கிராம். நான் விடுவேனா? "ஒரு மோல் உள்ள போயி ரெண்டு மோல் வெளிய வந்தா, எடை டபுள் ஆவணுமே" என்று மடக்கினேன். "எண்ணிக்கை மாறலாம்பா, எடை மாறாது. ஐம்பத்தாறையும் நாற்பத்து நாலையும் கூட்டுங்க, நூறு. உங்க பார்சல் ஆபீஸ் சட்டம்தான் இது. ஒரு பார்சலா புக் ஆயி ரெண்டு பார்சலா டெலிவரி ஆயிருக்கு. ஒண்ணு வானத்துக்குப் போயிடுச்சு, அவ்ளோதான்" என்றாள். மாப்பிள்ளை, என் சட்டத்தை ப்ளஸ் டூ புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள், என்னிடம் ஒருவரும் சொல்லவே இல்லை.

வாய்ப் பேச்சை நம்பாதவன் ஆகையால், பத்துக் கிலோ கல்லை நானே நிறுத்து இரும்புச் சட்டியில் வைத்துக் காளவாய்க்குள் தனியாகச் சுடும்படி அங்கே இருந்த கூலியாட்களிடம் சொன்னேன். அஞ்சு கிலோ அறுநூறு வரும் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆறிய பிறகு நிறுத்தேன், அஞ்சு கிலோ அறுநூற்றைம்பது. "ஐம்பது ஜாஸ்தி, உன் புத்தகம் தப்பு" என்றேன். அவள் பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து உடைத்தாள். உள்ளே எலுமிச்சங்காய் அளவு வேகாத கல். அதுவும் வெந்திருந்தால் அந்த ஐம்பதும் போயிருக்கும் என்றாள். தராசு முள்ளையே வாழ்நாளெல்லாம் பார்த்த எனக்கு, முள் எங்கே நிற்கும் என்று முன்னாலேயே சொல்கிற மகள் பிறந்திருக்கிறாள்.

பொட்டப் புள்ளைக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு, தையல் கிளாஸில் சேருங்கள் என்று போன வருஷம் தாங்கள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை என் தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டினால் போதும். காசி வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். "இதத்தானேங்க நானும் சொன்னேன்" என்றான். நீ நாற்பத்து நாலு என்று சொல்லவில்லையே என்றேன். இன்று காலையிலிருந்து வேலைக்கு வந்துவிட்டான். ஆக மாப்பிள்ளை, யாரும் எதையும் திருடவில்லை. காணாமல் போனதெல்லாம் வானத்துக்குப் போய், இந்நேரம் மலையைச் சுற்றிக் கிரிவலம் வந்துகொண்டிருக்கும். தங்கள் தம்பிக்கு லாரி வேலையே பொருத்தம், அவரைப் போல் நம்பகமான ஆள் கிடைப்பது அரிது. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், தங்கள் தாயாருக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அருணகிரி

பி.கு: ஒட்டுவதற்கு முன்னால் தனம் இதை வாங்கிப் படித்தாள். பத்து டன் கல்லுக்கு ஐந்து டன் அறுநூறு கிலோ வரவேண்டும், மாமாவிடம் இறங்கியது நாலரை டன் என்றால் ஆயிரத்து நூறு கிலோ எந்த மோலிலும் சேராமல் நிற்கிறதே என்கிறாள். லாரி மழையில் நனைந்திருக்கும் என்று தங்கள் தம்பிக்காக நானே வாதாடிப் பார்த்தேன். நனைந்தால் சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்து எடை ஜாஸ்திதான் ஆகும், ஐம்பத்தாறு எழுபத்து நாலாகும் என்று அதையும் அடித்துவிட்டாள். வாயு வானத்துக்குப் போகும், லாரி ஏறி ஆரணிக்குப் போகாது என்பது அவள் கட்சி. எனவே காலாண்டு விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வருகிறாள். படுக்க ஒரு பாய் போதும். தராசை அவளே கொண்டுவருகிறாள்.