சம்பந்தி ராவுத்தரும் போளூர்க் குதிரையும்

பொருளை விற்ற மறுநிமிஷம் அதை மறந்துவிடுவதுதான் வியாபாரம் என்றால், கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்த சம்பந்தி ராவுத்தர் ஒருநாள்கூட வியாபாரம் செய்ததில்லை. அவர் பெண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கம்பளி வாங்க வந்தவரை முதலில் உட்கார வைப்பார். "யாரு போத்திக்கப் போறா?" என்று ஆரம்பிப்பார். கூரை ஒழுகுமா, அடுப்புக்கு எத்தனை அடி தள்ளிப் படுப்பீர்கள், ஆட்டுக்குட்டி உண்டா, அது ராத்திரி எங்கே படுக்கும் என்று விசாரணை நீளும்.

"பீடி குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும் குடிக்கிறதுதான்."

"படுத்துக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"படுத்துக்கிட்டுதான்..."

"அப்பக் கம்பளி இல்ல. எந்திரிச்சு உக்காந்து குடிக்கப் பழகிட்டு அடுத்த மாசம் வாங்க."

இத்தனையும் தாண்டி ஒருவர் கம்பளியோடு படி இறங்கினால் அன்றிலிருந்து அவர் சம்பந்தி. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் சும்மா இருப்பாரா? சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு கிளம்பிவிடுவார். இந்த வாரம் வில்பட்டி, அடுத்த வாரம் பள்ளங்கி என்று முறை வைத்து, தம் கம்பளிகள் போன இடத்தில் சௌக்கியமாக இருக்கின்றனவா என்று பார்த்து வருவார். ஒரு வீட்டில் கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் உரலை வைத்திருந்தார்கள். ராவுத்தர் உரலை நகர்த்தினார், கம்பளியை எடுத்தார், தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த வீட்டுக்காரர் இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிவந்து பேசித்தான் பெண்ணைத் திரும்ப அழைத்துப்போனார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்தக் கடைக்கு மேலே மாடியறையில் குடியிருந்தேன். சர்க்கார் குமாஸ்தா, மதுரைக்காரன், கல்யாணமாகாதவன். மாற்றலாகி வந்த அன்றே பார்க்கவேண்டிய இடங்கள் என்று ஏரி, தூண் பாறை, அருவி எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்று வருஷம் கழித்து மலையிறங்கும்போது அதில் ஒன்றைக்கூட நான் அடித்திருக்கவில்லை. ஆனால் வில்பட்டியில் யார் வீட்டுக் கம்பளியில் பூனை குட்டி போட்டது என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

முதல் சனிக்கிழமையே மாட்டிக்கொண்டேன். தலைவாரி, பவுடர் போட்டுப் படியிறங்கினேன்.

"தம்பி எங்க கெளம்பிட்டே?"

"ஏரியப் பாக்கப் போறேன் பாய்."

"அது எங்கயும் ஓடிப்போகாது. வா, ஒரு சோலி கெடக்கு."

"எம்புட்டு தூரம்?"

"இந்தா இருக்கு."

அவருடைய 'இந்தா' நாலு மைல். ஆறு மைல் என்றால் 'இந்தா பக்கத்துல' என்பார். லாரி டயரில் வெட்டிய செருப்பு சரக் சரக் என்று முன்னால் போகும். பின்னால் நான் போவேன். அட்டை கடித்தால் வலிக்காது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அது கடிக்கும்வரை நான் எங்கே பொறுத்தேன்? தூரத்தில் பார்த்ததுமே கத்திவிடுவேன்.

இவ்வளவு நடந்தும் நான் அவருக்கு வெறும் 'தம்பி'தான். கோபம் வந்தால் 'ஏலே'. எனக்கும் ஒரு கம்பளி கொடுங்கள் என்று ஒருதடவை கேட்டேன்.

"நீ பாதி கட்டில்லயும் பாதி தரையிலயும் தொங்கிக்கிட்டுத் தூங்குறவன். ஒனக்கெல்லாம் பொண்ணு கெடையாது" என்றார்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சந்தை. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் பஜாரில் இருக்கும். கார்த்திகை மாசத்து ஞாயிறு ஒன்றில், மத்தியானத் தொழுகைக்குக் கிளம்பிய ராவுத்தர் என்னைக் கடையில் உட்காரவைத்தார். "யாராச்சும் வந்தா உக்காரச் சொல்லு. ஒண்ணையும் வித்துறாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முண்டாசு கட்டிய ஒருவர் வந்தார். கம்பளி வேண்டும் என்றார். எனக்குள் உறங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்து சோம்பல் முறித்தான். அலமாரி பூட்டியிருந்தது. கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒன்று மடித்து வைத்திருந்தது, கைக்கு வாகாக. எடுத்துப் போட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அதைப் போர்த்திக்கொண்டால் பனி நம் வீட்டுக்கு வழி கேட்டுக்கூட வராது என்றேன். மனிதர் சிரித்தார், வாங்கிக்கொண்டார், போய்விட்டார். மொத்தம் ஐந்து நிமிஷம்.

ராவுத்தர் திரும்பினார். பெருமையோடு விவரம் சொன்னேன். அவர் குனிந்து கல்லாப்பெட்டிக்குக் கீழே பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, அது பூச்சி அரிச்சதுடா. உள் மடிப்பெல்லாம் ஓட்டை. விக்கக்கூடாதுன்னுதான் கீழ போட்டு வச்சிருந்தேன். யாரு போத்திக்கப் போறான்னு கேட்டியா?"

"நான் கேக்கல பாய். அவராச் சொன்னாரு. மக பேறுகாலத்துக்கு வந்திருக்காம்."

ராவுத்தர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை. மார்கழி பிறந்தால் மலையில் விடியற்காலைப் புல்லெல்லாம் உப்புத் தூவினமாதிரி உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில் பிறக்கப்போகும் ஒரு பச்சைப்பிள்ளைக்கு நான் ஓட்டையை விற்றிருக்கிறேன்.

"எந்த ஊருன்னாரு?"

"கேக்கல."

"ஆளு எப்படி இருந்தாரு?"

"முண்டாசு, மீசை. பூண்டு வாசம்."

"இந்த மலையில எவன்டா பூண்டு வாசம் இல்லாம இருக்கான்?" என்றவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். கடையிலேயே கனமான கம்பளியை எடுத்து மெழுகுத் துணியில் சுற்றிக் கட்டினார். "பனி எறங்குறதுக்குள்ள இது அந்த வீட்டுக்குப் போயிறணும். வித்தது நீ. தேடுறதும் நீதான். நான் கூட வாரேன்."

அடுத்த ஞாயிறு சந்தை முனையில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார். முண்டாசு கட்டிய ஒவ்வொருவரின் முகத்தையும் எட்டிப் பார்த்து, சந்தேகம் தீர லேசாக மோந்தும் பார்த்தேன். கேரட் விற்ற அம்மாள் ஒருத்தி, "யாருப்பா நீ, போறவன் வாரவனையெல்லாம் மோந்து பாக்குற?" என்று கத்த, சந்தை திரும்பிப் பார்த்தது. காவல் அத்தோடு முடிந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை வட்டக்கானல். இருந்ததே நாலைந்து வீடு. அதில் பேறுகாலத்துக்கு வந்திருந்தது ஒரு பசுமாடுதான்.

பிறகு பள்ளங்கி. அங்கே ராவுத்தர் ஒரு பழைய சம்பந்தியைப் பார்த்துவரப் போய்விட்டார். "நீ போயி விசாரி" என்று என்னைத் தண்ணீர்த்துறைக்கு அனுப்பினார். கல்யாணமாகாத இருபத்துநாலு வயசுப் பிள்ளை, பவுடர் போட்ட முகம், நான் என்ன கேட்கவேண்டும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"அக்கா, இந்த ஊர்ல மாசமா இருக்கற பொண்ணு யாராச்சும் இருக்காங்களா?"

குடத்தைக் கீழே வைத்தாள் அந்தப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குற?"

"நான்தான் அதுக்குக் காரணம்... அதாவது, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதச் சரிபண்ணத்தான்..."

"ஏலே! எல்லாரும் வெரசா வாங்கடா! டவுனுக்காரன் ஒருத்தன் தப்புப் பண்ணிட்டு ஆளத் தேடி வந்திருக்கான்!"

நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். நான் ஓடியது முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் என்பது விழுந்தபிறகுதான் தெரிந்தது. சரக் சரக் என்று டயர் செருப்புச் சத்தம் கேட்டபோது வந்த நிம்மதி, பிற்பாடு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"நம்ம பயதான், விடுங்க சம்பந்தி" என்றார் ராவுத்தர். விஷயத்தைச் சொன்னார். மண்வெட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "ஏப்பா, ஆளு மொகம் ஞாபகம் இல்ல, சரி. வேற எதும் பாத்தியா?"

"கடை வாசல்ல மட்டக்குதிரை ஒண்ணு கட்டியிருந்துச்சு. ஒரு காது மட்டும் வெள்ளை. எம்மேல தும்முச்சு."

"ஒத்தக் காது வெள்ளையா? அது போளூர்க் குதிரையாச்சே!"

ராவுத்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏலே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஆளு எப்படின்னுதானே கேட்டீங்க?"

அன்று திரும்பும் வழி முழுக்க டயர் செருப்பு வழக்கத்தைவிட வேகமாகச் சரக் சரக் என்றது.

போளூர் மேல்மலையில், கொடைக்கானலுக்கு வெகு அப்பால். ஒரே நாளில் போய்த் திரும்பமுடியாது. சனிக்கிழமை போனால் ஞாயிறுதான் வரலாம். அப்படியானால் சந்தை நாளில் கடையை அடைக்கவேண்டும். கடை திறந்த காலத்திலிருந்து ராவுத்தர் அதைச் செய்ததில்லை. மார்கழிக்கு ஒரு வாரம் இருந்தது. பஜாரில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள என் கடைக் கம்பளிக்குள்ள கெடந்து நடுங்கும். நான் இங்க உக்காந்து யாருக்கு விக்க?" என்றார்.

உருளைக்கிழங்கு ஏற்றப் போன லாரியில் பாதி தூரம். மீதி நடை. சாயங்காலத்துக்குள் மஞ்சு இறங்கி, நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. "காட்டுமாடு கெடக்குற எடம். சத்தம் போடாம வா" என்றார் ராவுத்தர். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் என் பல் அடித்துக்கொண்ட சத்தத்தைத்தான் என்னால் நிறுத்த முடியவில்லை.

திடீரென்று எதிரே மஞ்சுக்குள் ஒரு கறுப்பு உருவம். முதுகு அகலம், புஸ் புஸ் என்று மூச்சு.

"காட்டுமாடு!" என்று அலறினேன். அடுத்து நினைவிருப்பது, ஒரு சின்ன மரத்தில் நான் ஏறியிருந்தேன். என் பாதங்கள் இன்னும் தரையில்தான் இருந்தன, மரம் அவ்வளவு சின்னது. ராவுத்தர் அசையவில்லை. கம்பளி மூட்டையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முட்டினால் தம்மை முட்டட்டும், கம்பளிக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

உருவம் நெருங்கி வந்தது. என்மேல் தும்மியது. ஒரு காது வெள்ளை.

குதிரை முதுகில், சேணத்துக்குப் பதிலாக, நான் விற்ற கம்பளி. அதன் பின்னால் முண்டாசுக்காரர்.

"வாங்க ராவுத்தரே! என்ன இந்தப் பக்கம்? இந்தத் தம்பி ஏன் மரத்தக் கட்டிப்புடிச்சிருக்கு?"

ராவுத்தருக்கு மூச்சு வாங்கியது. "புள்ள பொறந்துருச்சா?"

"நாலு நாளாச்சு. பேத்தி."

"எதப் போத்தியிருக்கீங்க?"

"வந்து பாருங்க."

வீட்டு வாசலில் ராவுத்தர் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து குழந்தையைச் சுற்றியபடியே கொண்டுவந்து காட்டினார்கள். பழைய கம்பளி. ராவுத்தர் அதன் ஓரத்தை இரண்டு விரலால் தடவினார். "இது நான் குடுத்ததாச்சே!"

"ஆமா. என் கல்யாணத்துக்கு வாங்குனது. அப்ப ஒங்க கடை பெட்டிக்கடை. இன்னும் ஒரு இழை போகல."

ராவுத்தர் மூக்கை உறிஞ்சினார். பிறகு மெழுகுத் துணியை அவிழ்த்துப் புதுக் கம்பளியைக் கொடுத்தார். பேரீச்சம்பழத்தையும் கொடுத்தார். "அந்த ஓட்டைய அன்னைக்கே பாத்திருப்பீங்களே? திருப்பிக் கொண்டாந்திருக்கலாம்ல?"

முண்டாசுக்காரர் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "பாதி வழியிலயே பாத்துட்டேன். ஆனா இந்தத் தம்பி அம்புட்டுச் சந்தோசமா வித்துச்சு. திருப்பிக் கொண்டாந்தா அது மனசு ஒடஞ்சு போகும். போகட்டும், குதிரைக்கு ஆகும்னு விட்டுட்டேன்."

எந்த இடத்திலும் எனக்கு ஒரு ஜோக் வந்துவிடும். அங்கே வரவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

குதிரை வாசத்தோடு திரும்பிய அந்தக் கம்பளியை ராவுத்தர் துவைத்துக் காயப்போட்டார். பொழுது கிடைக்கும்போதெல்லாம் ஓட்டை ஓட்டையாக நூல் கோத்து அடைத்தார். எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தபோது பஸ் ஜன்னல் வழியாக அதை என் மடியில் போட்டார்.

"வித்தது நீ. வாழாம திரும்பி வந்துருச்சு. இனிமே ஒன் பொறுப்பு."

இரண்டு வருஷம் கழித்து, மதுரையில், எனக்குக் கல்யாணமான புதுசு. சித்திரை மாசம், மத்தியானம் இரண்டு மணி. வாசலுக்குப் போன என் மனைவி கலவரத்தோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, ஒங்க சம்பந்தி வந்திருக்காராம். நமக்குக் கல்யாணமாகி மூணு மாசந்தானே ஆகுது?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்பளி, டிரங்குப் பெட்டிக்கு அடியில், அந்தப் பெட்டிமேல் இன்னொரு பெட்டி, அதன்மேல் மாவு மில்லுக்குப் போகவேண்டிய கோதுமை மூட்டை. எல்லாவற்றையும் உருட்டித் தள்ளினேன். எடுத்து உதறக்கூட நேரமில்லை. அப்படியே கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மதுரை வெயிலில், நாற்காலியில் உட்கார்ந்து, சௌக்கியமாக இருப்பவன்போல் சிரித்தேன்.

ராவுத்தர் உள்ளே வந்தார். மலையை விட்டு இறங்காதவர், பஸ்ஸில் வாந்தியெடுத்து வெளுத்திருந்தார். கையில் பொட்டலம். கம்பளியின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டதோடு விட்டுவிட்டார். வியர்த்து வழிந்த என் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எளச்சுட்டீங்களே, சம்பந்தி" என்றார்.

அவர் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இனி வரமாட்டார் என்றும் தெரியும். ஆனாலும் வாசலில் யாராவது சரக் சரக்கென்று வந்து செருப்பைக் கழற்றினால், கம்பளியை எடுத்து ஒரு உதறு உதறிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.