அருளப்புவின் போத்தல்

நண்பனின் குடிதண்ணீரைத் திருடி நான் கால் கழுவினேன். (மரியாதைக்காகக் கால் என்கிறேன்.)

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கனடாவின் மொன்றியலிலிருந்து மூவர் ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். ஓட்டியவன் யோகன், வில்லரேயில் கடை வைத்திருந்த இளைஞன். அருளப்பு லவாலில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் பதினொரு வருடம் விடுப்பே எடுக்காமல் நின்றவன். மூன்றாவது ஆள் நான். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர், ஆகவே யாரும் கேட்காமலே தலைவர். நான்கு நாள் ஓடி, அமெரிக்கப் பாலைவனப் பூங்கா ஒன்றில் கூடாரம் அடித்தோம். அங்கே மலையுச்சியில் ஒரு கல் வளைவு உண்டு. அதன் கீழ் ஒருமுறை நிற்க வேண்டும் என்பதற்காகவே அருளப்பு வந்திருந்தான்.

காலையில் ஆளுக்கு ஓர் இரண்டு லீற்றர் போத்தல் தண்ணீரோடு ஏறினோம். பாதிவழியில் பைகளை நிழலில் வைத்துவிட்டு மற்ற இருவரும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனார்கள். ரின்னில் அடைத்த மீனைக் கொண்டு முதல் நாள் நான் சமைத்த கறி அந்த நேரம் பார்த்து வயிற்றில் புரண்டது. கையில் கடுதாசி இருந்தது. துடைத்துவிட்டுப் போக என் பண்பாடு இடம் தரவில்லை. அடுத்தவன் தண்ணீரை எடுக்க இடம் தந்தது. அருளப்புவின் போத்தலோடு பாறைக்குப் பின்னால் ஓடினேன். என்னுடையதும் பக்கத்தில்தான் இருந்தது.

வெறும் போத்தலை, மூடியைத் தளர்த்தி, அவன் பைக்குள் தலைகீழாகச் செருகினேன். திரும்பி வந்த அருளப்பு பையைத் திறந்தான்.

"ஐயோ மாஸ்டர், தண்ணி முழுக்க ஊத்துப்பட்டுட்டுது! ஆனா பை நனையேல்லையே?"

"பாலைவன வெக்கை. உடனே ஆவியாப் போயிடும்," என்றார் விஞ்ஞான மாஸ்டர்.

அவன் நம்பினான். "மூடியை ஒழுங்காப் பூட்டேல்லைப் போல. என்ர பிழைக்கு நீங்கள் ஏன் காயோணும்? நான் இறங்கிறன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை, எல்லாரும் இறங்குவம்," என்றான் யோகன்.

"ஏன் மூண்டு பேரும் இறங்குவான்?" என்று கேட்டது நான்தான்.

யோகன் தன் தண்ணீரில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தான்; அருளப்பு தனியே இறங்கினான். நான் என் போத்தலை மார்போடு அணைத்தபடி யோகனோடு வளைவைப் பார்க்கப் போனேன்.

ஒன்பது வருடம் கழித்து, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து அருளப்பு வீட்டில் படுத்திருந்தபோது உண்மையைச் சொன்னேன். "திரும்பவும் கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

"இந்தக் காலோடையோ, மாஸ்டர்?"

அவன் மனைவி ரெஜினா தலையில் கை வைத்தாள். "மூடி பூட்டத் தெரியாத மனிசன் எண்டு இவ்வளவு காலமும் இவரை ஒரு ஜாம் போத்தல் தொட விடேல்லையே நான்!"

அதற்குப் பிறகு அருளப்பு ஒன்றுதான் கேட்டான். "உங்கட போத்தலும் பக்கத்திலதானே கிடந்தது?"

"ஓம்."

வேறு பரிகாரம் தெரியாமல், அன்று யோகன் எடுத்த வளைவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வளைவின் கீழ் நான் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். (நான் இல்லாத படம் ஒன்றும் இருக்கவில்லை.) அருளப்பு நன்றி சொல்லி வாங்கி, அதைக் கழிவறையில் மாட்டினான்.

இன்றும் அந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், ரெஜினா கதையைச் சொல்லித்தான் கழிவறைக்குள் அனுப்புவாள்: "மாஸ்டர் உள்ளுக்கதான் நிக்கிறார். தண்ணி கவனம்!"